தாளத்தை நிறுத்தியவர்

தாடிக்கொம்பு,
9 சூன் 2025

மதிப்பிற்குரிய அண்ணன் அக்பர் அலி அவர்களுக்கு,

தங்கை தமிழ்மதியின் வணக்கம். தொலைபேசியில் அழைத்தால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன். தாளில் சிரிக்க முடியாதல்லவா?

நிலவொளி இன்னிசைக் குழுவில் முப்பது ஆண்டுகள் நீங்கள் டோலக் வாசித்தீர்கள்; நான் பாடினேன். ஓய்ந்த பிறகு, நம் ஊர்ப் பிள்ளைகள் இசை கற்க உதவித்தொகை வழங்குவோம் என்று இருவரும் சேர்ந்தே அறக்கட்டளை தொடங்கினோம். திறமை ஒன்றே அளவுகோல் என்று மேடைதோறும் முழங்கியவள் நான். அந்த முழக்கத்தின் மேல் நேற்று திரை கட்டிப் படம் காட்டிவிட்டீர்கள்!

ரெட்டியார்சத்திரத்துப் பெண் ஜீவிதா தவில் வாசித்துத் தேர்வானாள். அவள் கையில் பிறக்கும் இடியைப் பற்றி நேற்றைய விழாவில் ஒரு சொல் உண்டா? மாறாக, உங்கள் மகன் நாசர் எடுத்த காணொளி ஓடிற்று. பிய்ந்த கூரை, வெடித்த மண்சுவர், கிழிந்த சாக்கில் குந்திப் பூக்கட்டும் அவள் தாய் கண்ணம்மாள். "இந்த வீட்டிலிருந்துதான் இந்தத் தவில் ஒலிக்கிறது, மனமுள்ளோர் அள்ளித் தாருங்கள்" என்று ஒலிவாங்கியில் கெஞ்சியவர் நீங்கள். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், காசோலையைத் தொடாமல் மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

கேட்கிறேன்: அவள் நம்மிடம் வேண்டியது கல்வியா, பிச்சையா? வென்றவளுக்கு மாலை சூட்டுவதா, அவள் வீட்டுக் கூரையைப் பிரித்து ஊரார் முன் போடுவதா? இசைக் கல்லூரிச் சேர்க்கை இம்மாதத்தோடு முடிகிறது. காணொளியை அழியுங்கள். காசோலையை அவள் வீட்டிற்கு அனுப்புங்கள்.

சினம் தணியாத தங்கை,
தமிழ்மதி

*

பேகம்பூர், திண்டுக்கல்
ஜூன் 13, 2025

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் ஸலாம் சொல்லி எழுதுறது. உன் கடுதாசிய தபால்காரர்கிட்ட வாங்கயிலயே கை சுட்டுச்சு. ஊருக்கே பேசுற பேச்ச எனக்கு ஒருத்தனுக்கு அனுப்புனா, நான் எம்புட்டுத்தான் கைதட்டுவேன்?

செத்த நேரம் நிதானமா கேளு. நானும் நீயும் போட்ட காசு முதல் வருஷத்தோட தீந்துச்சு. இப்பக் குடுக்குறவுக எல்லாம் வெளிநாட்டுல இருக்காக. அவுகளுக்குத் தவில் சத்தம் கேக்காது, கண்ணீரு மட்டும்தான் தெரியும். அது புரிஞ்சுதான் நாசர் படம் எடுத்தான். அந்தப் படத்த நெட்டுல பாத்துட்டு இன்னும் நாலு பிள்ளைகளப் படிக்க வைக்க ஆள் வந்திருக்கு. ஒரு பிள்ளை முகத்தச் சுளிச்சதுக்காக நாலு பிள்ளை வயித்துல அடிக்கச் சொல்றியா?

பெரியவுக நிக்கிற மேடைய விட்டு அப்படி இறங்கிப் போறது மரியாதையா, நீயே சொல்லு. குடுத்தவுககிட்ட மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதச் சொல்லு. மறுநாளே செக்கக் குடுத்துடுறேன்.

உங்க அண்ணி ஜெய்தூன் உன்னைய விசாரிச்சா. ஒரு நா வா. சோத்துக்கு வெஞ்சனமா மீனு வாங்கிப் போடுறேன். சாப்பிட்டுட்டுச் சண்டை போடுவோம்.

அண்ணன்,
அக்பர் அலி

*

தாடிக்கொம்பு,
17 சூன் 2025

அண்ணன் அவர்களுக்கு,

மன்னிப்பா? யார், யாரிடம்?

பாலசமுத்திரத்துத் திருவிழா நினைவிருக்கிறதா? அந்நாளில் பாட்டின் நடுவே அன்பளிப்புச் சீட்டு மேடையேறும். "இப்பாடலைப் பாராட்டி இன்னார் வழங்குகிறார்" என்று அறிவிப்பாளர் வாசித்து முடிக்கும்வரை நான் வாய்மூடி நிற்க வேண்டும். தொழிலின் வழக்கம் என்று பொறுத்தேன். அன்றோ ஒரு பணக்காரர் தாமே மேடையேறி, ரூபாய்த்தாளை என் சேலையில் ஊசியால் குத்த வந்தார். கூட்டம் விசிலடித்தது. குழுவினர் அத்தனை பேரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே ஒருவர் தாளத்தை நிறுத்தினார். டோலக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "ஐயா, பாட்டுக்குக் குடுக்குறதுன்னா பாட்டுக்குக் குடுங்க. அந்தப் புள்ள மேல குத்தாதீக" என்றார். அன்றைய ஊதியம் போயிற்று. அந்த ஊர் நம்மை மறுபடி அழைக்கவே இல்லை. அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை.

அந்த அக்பர் அலியின் கையில் இன்று ஊசி இருக்கிறது! நான்கு பிள்ளைகளுக்கு ஆள் வந்தது என்று மகிழ்கிறீர்கள். அந்த நான்கு வீடுகளுக்கும் நாசர் படக்கருவியோடு போவாரா இல்லையா?

ஜீவிதாவை மன்னிப்பு எழுதச் சொல்ல மாட்டேன். துணிவிருந்தால் காசோலையை எடுத்துக்கொண்டு அந்தப் பிய்ந்த கூரைக்கடியில் போய் நின்று, நீங்களே அவளிடம் கேளுங்கள். இல்லையேல் அறக்கட்டளையில் என் பெயரைக் கோடிட்டு அடித்துவிடுங்கள்.

மீன் வேண்டாம்.

தமிழ்மதி

*

பேகம்பூர்
ஜூன் 24, 2025

தங்கச்சி,

நேத்துப் போனேன். நீ சொன்ன பிய்ஞ்ச கூரையத் தேடித்தான் போனேன்.

அப்படி ஒரு வீடே அங்க இல்ல. செண்டுமல்லித் தோட்டத்துக்கு நடுவுல, வெள்ளையடிச்ச கான்கிரீட்டு வீடு. நெலப்படிக்கு மேல 'கண்ணம்மாள் இல்லம்'னு எழுதியிருக்கு. அந்தம்மா பூ வித்து, கொஞ்சம் கொஞ்சமா கட்டுன வீடு. நாம திரையில பாத்தது பின்னாடி இருக்குற ஆட்டுக்கொட்டகை. "வீட்டுக்குள்ள இருட்டா இருக்கும்மா, கொட்டகையில வெளிச்சம் நல்லா இருக்கு, செத்த அங்கன உக்காருங்க"ன்னு நாசர் சொல்லியிருக்கான். அந்தம்மாவும் நம்பி உக்காந்திருக்காக. பொண்ணு அப்பத் தவில் வகுப்புக்குப் போயிருந்துச்சு.

ஜீவிதா எனக்கு மோர் குடுத்துட்டுச் சொல்லுச்சு: "ஐயா, நாங்க வசதி இல்லாதவுகதான். அதச் சொன்னதுக்கு நான் இறங்கிப் போகல. ஆட்டுக்கொட்டகைய எங்க வீடுன்னு காட்டிட்டீகளே. அம்மா முன்வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாக."

என்னைய இம்புட்டுத் திட்டுனியே, நீயாவது போய்ப் பாத்தியா? நீயும் அந்தக் கூரைய நம்பித்தானே சண்டைக்கு வந்த? நாம ரெண்டு பேரும் ஒரே கொட்டகையிலதான் உக்காந்திருந்திருக்கோம்.

அங்கன நின்னுக்கிட்டே நாசருக்குப் போன் போட்டேன். "அழிச்சிரு. அது பொய்யின்னு குடுத்தவுகளுக்கும் எழுதிரு"ன்னேன். "அத்தா, எல்லாரும் போயிருவாக"ன்னான். போகட்டும்னேன். அந்தப் பொண்ணு தன் போன்ல தேடிப் பாத்து, படம் இல்லைன்னு தெரிஞ்ச பின்னாடிதான் செக்குக்குக் கைய நீட்டுச்சு. இன்னைக்குக் காலேஜுல சேந்துருச்சு.

நாசர் சொன்னது சரிதான். ராத்திரிக்குள்ள ரெண்டு பேரு கழண்டுக்கிட்டாக. மத்த நாலு பிள்ளைகளுக்கு என்ன வழின்னு எனக்குத் தெரியல. பழையபடி கச்சேரி பண்ணியாவது காசு சேப்போம்னு டோலக்க வார் இழுத்துக் கட்டக் குடுத்திருக்கேன்.

உன் பேரு மேல கோடு போடல. தாளத்த நிறுத்திட்டேன், தங்கச்சி. இனி நீ பாடுனாத்தான் நான் எடுக்க முடியும்.

அண்ணன்,
அக்பர் அலி