பேய்க்குக் கட்டிய வண்டி

என் உயிரான அடைக்கம்மை அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது. அதனால்தான் இதை அச்சில் போடுகிறேன். டவுனில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கூடத்தில் நானே எழுத்துக் கோக்கிறேன். உனக்குச் சேராவிட்டாலும் நாலு பேருக்குச் சேரட்டும். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நீ பேயாக வந்துவிட்டாய் என்று உன் புகுந்த வீட்டார் ஊரெல்லாம் சொல்லித் திரியும்போது, உன்னிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவேன்?

நீ போன கதை உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

தலைப்பிரசவத்துக்கு உன்னை அழைத்து வர ஆத்தா வந்தபோது, உன் புகுந்த ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் தேர் ஓடி முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது. உன் மாமியார் வீடோ கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற வீடு. "தேர் முடியட்டும், நாங்களே கொண்டாந்து விடுறோம்" என்று ஆத்தாவைத் திருப்பி அனுப்பினார்கள். உன் கால் வீங்கியிருந்ததை ஆத்தா பார்த்தாள். தலை சுற்றுகிறது என்று நீ சொன்னதையும் கேட்டாள். ஆனாலும் திரும்பி வந்தாள்.

உனக்குக் கைகால் வெட்டி இழுப்பு வந்தபோது மருத்துவச்சியே, "இது என் கையில இல்லங்க, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று கெஞ்சினாளாம். கொட்டகையில் வண்டி நின்றது. மாடும் நின்றது. பூட்டத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை. நீ போனாய். வயிற்றிலிருந்ததும் உன்னோடு போயிற்று. உன்னை அவசர அவசரமாக எடுத்துவிட்டுத் தேரைக் குறித்த நாளில் ஓட்டினார்கள்.

பிறகு உனக்குச் சுமைதாங்கி நட்டார்கள். பிள்ளையோடு செத்தவளுக்குப் பாதையோரத்தில் இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்துவது வழக்கமாம். தலைச்சுமைக்காரர்கள் அதில் சுமையை இறக்கி இளைப்பாறினால் உன் பாரம் குறையுமாம். உயிரோடு கிடந்தவளின் பாரத்தை இறக்க ஒரு வண்டி கட்டாதவர்கள், செத்தபின் ஊரார் விறகுக்கட்டை இறக்கி வைக்கக் கல் நட்டார்கள். இது எந்தச் சாமிக்கு அடுக்கும்?

உனக்கு வருஷம் திரும்பும் முன்பே நம் தங்கை சிட்டுவை உன் புருஷனான அதே மச்சானுக்குக் கட்டிக்கொடுத்தார் அப்பா. குடுத்த உறவு விட்டுப் போகக் கூடாதாம். நான் கத்தினேன். "டவுனுல நாலு எழுத்துக் கோத்துட்டா நீ பெரிய மனுசனாடா?" என்று கேட்டார். சிட்டு அழுதாள். அழாத கல்யாணப் பெண் உண்டா என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அவள் உன் சாயல் என்பது உனக்கே தெரியும். அது போதவில்லை அவர்களுக்கு. உன் தோட்டை அவள் காதில் மாட்டினார்கள். உனக்குப் படைத்த கிளிப்பச்சைச் சேலையை எடுத்து அவளுக்கு உடுத்தினார்கள். உன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். "வாயில அந்தப் பேருதான் வருது, நான் என்ன செய்ய" என்றாள் உன் மாமியார். சிட்டு என்று ஒருத்தி பிறந்ததே இல்லை என்பதுபோல அவளை அழித்து, அந்த இடத்தில் உன்னை உட்கார வைத்தார்கள். அப்புறம் அவர்களே, ஐயோ, செத்தவ வந்துட்டா என்று நடுங்கினார்கள்.

நீ முதன்முதலில் வந்தது சோற்றுப் பானைக்கு முன்னால். யுத்தக் காலம், அரிசி கிடைப்பதில்லை. சிட்டு வாயும் வயிறுமாக இருந்தாள். பசி தாங்காமல் மச்சானுக்கு முன் ஒரு கை அள்ளிச் சாப்பிட்டிருக்கிறாள். உன் மாமியார் அகப்பையை ஓங்கினாள். சிட்டு நிமிர்ந்து பார்த்து, "நான் செத்த அன்னைக்கும் இந்த வீட்ல எனக்குச் சோறு போடல. மறந்து போச்சா?" என்றாளாம். அகப்பை கீழே விழுந்துவிட்டது.

அதற்குப்பிறகு அந்த வீட்டில் ஒரு புது அடைக்கம்மை நடமாடினாள். மணமேல்குடிக் கருவாடு கேட்டாள், வந்தது. வெந்நீர் கேட்டாள், மாமியாரே சுமந்து வந்தாள். "நான் படுக்கணும், எந்திரிச்சு அங்கிட்டுப் போ" என்று மச்சானை விரட்டினாள். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது அக்கா. இவளா நீ? அந்த வீட்டில் நீ வாய் திறந்து ஒரு வாய்த் தண்ணீராவது கேட்டிருப்பாயா? நீ இருந்தபோது உன்னை மதிக்காதவர்கள் உன் போலிக்குக் கைகட்டி நின்றார்கள்.

இந்தப் பங்குனியில் சிட்டுவை அழைக்க ஆத்தாவும் நானும் போனோம். காப்புக் கட்டிவிட்டார்கள். அதே திருவிழா, அதே பதில். சிட்டுவின் காலைப் பார்த்தேன். விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மச்சான், ஒருத்திய தூக்கிக் குடுத்தது போதாதா? வண்டியக் கட்டுங்க" என்றேன்.

"எங்க ஆத்தா சொல்லட்டும் மாப்ள" என்றார். இருக்கிற ஒரு வாயையும் தன் ஆத்தாவிடம் அடகு வைத்த மனுஷன்.

உன் மாமியார், "ஊருக்கே குத்தம் வந்துரும். அதோட அவ மேல இருக்கிறது மொதல்ல போகட்டும். தேர் ஓடுறப்ப வீட்டுல பேய வச்சுக்கிட்டா முதல் மரியாதை வாங்குறது?" என்றாள். பேயோட்டும் கோடாங்கிக்கு ஏற்கெனவே ஆள் போயிருந்தது.

உச்சிவெயிலில் வாசலில் உட்கார வைத்தார்கள், நிறைமாதக்காரியை. ஊரே கூடி நின்றது. அவள் உடம்பில் உன் கிளிப்பச்சைச் சேலை. கோடாங்கி உடுக்கை அடித்தான். சிட்டு தலையை விரித்து ஆடினாள். நிறுத்துங்கடா என்று கத்த நான் வாயைத் திறந்தேன். முடிக்கற்றைக்கு நடுவிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். பந்தியில் நாம் ஏதாவது உளறப் போனால் ஆத்தா ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

"யாரு நீ?" என்றான் கோடாங்கி.

"என் சேலைய பாத்தும் தெரியலையா?"

"என்ன வேணும் ஒனக்கு? சேவலா, கெடாவா?"

"வண்டி வேணும். அன்னைக்குக் கட்டாத வண்டி."

கோடாங்கி கொஞ்சம் தடுமாறித் தன் வழக்கமான கேள்விக்கு வந்தான். "போயிடுறியா? எங்க எறங்குவ? எந்தப் புளியமரம்?"

"டவுன் பொம்பளை ஆஸ்பத்திரி வாசல்ல. அங்க கொண்டுபோய் விடுங்க, எறங்கிடுறேன். இல்லைன்னா தேருக்கு முன்னாடி வந்து நிப்பேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "கரி பஸ்ஸுல ஏத்தி விடுங்கடி, மேட்டுல பேயே எறங்கித் தள்ளும்" என்றாள். பெட்ரோல் கிடைக்காத இந்த யுத்தக் காலத்தில் கரியில் ஓடுகிற பஸ் மேட்டில் நின்றுவிடும், ஆட்கள்தான் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு பேர் சிரித்தார்கள். உன் மாமியார் சிரிக்கவில்லை. "காப்புக் கட்டியிருக்கே, எல்லை தாண்டலாமா?" என்று கோடாங்கியைக் கேட்டாள்.

"காப்பு மனுசருக்குத்தாங்க. பேய்க்கு ஏது காப்பு? அத எல்லைக்கு அங்கிட்டு விட்டாத்தான் ஊருக்கு நல்லது."

மச்சான் ஓடிப்போய் மாட்டை அவிழ்த்தார். நன்றாகக் கேட்டுக்கொள் அக்கா. உனக்குக் கட்டாத வண்டி. தங்கைக்கு வேண்டும் என்று நான் கேட்டபோது கட்டாத வண்டி. ஒரு பேய் கேட்டதும் வைக்கோல் மெத்தை போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்துக் கட்டினார்கள். மனுஷிக்கு இல்லாத மரியாதை பேய்க்கு இருக்கிற ஊரில், பெண்கள் பேயாகாமல் வேறென்ன ஆவார்கள்?

ஆத்தாவும் நானும் வெளியூர் என்பதால் நாங்களே ஓட்டிப் போனோம். மச்சான் எல்லைக்கல் வரை கூட வந்தார். அங்கே நின்றுவிட்டார். தாண்டி உன் சுமைதாங்கி வந்தபோது சிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. படுத்தபடியே கையை நீட்டி அந்தக் கல்லைத் தொட்டாள். "ஓட்டுண்ணே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேர் கேட்டாள். ஆத்தாவுக்கும் அந்த வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, "அடைக்கி..." என்று இழுத்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சிட்டு, "சிட்டு. சிட்டுன்னு எழுதுங்க" என்றாள். பேய் இறங்கிய இடம் அதுதான். எந்த மரமும் ஆடவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சிட்டு எழுந்து உட்கார்ந்தபின் கேட்டேன். "உண்மையச் சொல்லு. நடிச்சியா?"

"பாதி தெரியும், பாதி தெரியலண்ணே. என் வாயால கேட்டப்ப அறைதான் கெடச்சுது. அக்கா வாயால கேட்டேன், வண்டி கெடச்சுது." பிறகு மெதுவாக, "அக்கா கோவிச்சுக்குமா?" என்றாள்.

கோபித்துக்கொள்வாயா? நீ எப்போதாவது கோபப்பட்டிருக்கிறாயா? அன்றைக்கு நீயே ஒரு பேய்க்குரலில் கத்தியிருந்தால் இன்று நீ இருந்திருப்பாயோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பேயை ஓட்டிய பெருமை கோடாங்கிக்குப் போனது, ஒரு கிடாயோடு. தேரும் ஓடியது. போன வாரம் உன் மாமியார் நம் வீட்டுக்கு வந்தாள், குழந்தைக்குப் பேர் வைக்க. "அடைக்கம்மைன்னே வைப்போம். அவ குளுந்துபோயி எங்க வீட்டக் காப்பா" என்றாள்.

சிட்டு தலை நிமிர்ந்து, "வேணாம் அத்தே. அக்கா சேலையக் கட்டினேன். அக்கா பேரச் சொல்லிக் கூப்பிட்டப்ப ஏன்னு கேட்டேன். என் மகளுக்காவது அவளுக்குன்னு ஒரு பேரு இருக்கணும்" என்றாள்.

உன் மாமியார் ஓரடி பின்வாங்கினாள். "பேய் எறங்கிடுச்சுன்னாங்களே, இன்னும் போகலையா?" என்று ஆத்தாவைக் கேட்டாள்.

"போயிடுச்சு அத்தே. இது நாந்தான்" என்றாள் சிட்டு.

இதை எழுதட்டுமா, அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று அவளிடம் கேட்டேன். "எழுதுண்ணே. இனிமே எதுன்னாலும் என் வாயாலதான் கேக்கப் போறேன். தெரிஞ்சா என்ன?" என்றாள்.

குழந்தைக்கு உன் பெயரை வைக்கவில்லை, அக்கா. மன்னித்துக்கொள். உன் கிளிப்பச்சைச் சேலை இப்போது தொட்டிலாகத் தொங்குகிறது. துணி கிடைக்காத காலத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதில் தூங்குகிறவள் உன் மறுபிறவி இல்லை. அவள் வேறு ஆள். நீ ஒருத்திதான் பிறந்தாய், உன்னை ஒருமுறை சாகவிட்டார்கள். அந்தக் கணக்கை இன்னொருத்தியை வைத்து நேர்செய்ய நான் விடமாட்டேன்.

வருகிற பங்குனியில் அந்த ஊரில் காப்புக் கட்டும் நாளிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை, உன் சுமைதாங்கிக்குப் பக்கத்தில் ஒரு வண்டியைப் பூட்டி நிறுத்துவேன். எந்த வீட்டுப் பெண் வந்தாலும் ஏற்றிக்கொள்வேன். எல்லை தாண்ட அவள் செத்தவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தன் பெயரைச் சொன்னால் போதும். இனி உன்னை யாரும் கூப்பிட மாட்டோம். நீ படுத்துக்கொள்.

உனக்குத் தம்பி, சிட்டுவுக்கு அண்ணன், தொட்டிலில் இருப்பவளுக்குத் தாய்மாமன்,
சுப்பையா