பாஸல் ஸ்டேஷனில் பதினான்கு நிமிடம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
14.7.1986

அன்பு மகள் அருந்ததிக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. நீயும் சுலைமானும் பேத்தி ரோஹானாவும் லண்டனில் சுகமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனதார எழுதுகிறேன். படம் கிடைத்தது. நீ அவர் விலாசத்துக்கு அனுப்பியதை ஆசியா பீவி அக்கா வழக்கம்போல மீன் வாங்கப் போகிற சாக்கில் வந்து, கூடைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். பிள்ளைக்கு உன் நெற்றி. பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்பாவின் ஐரோப்பியப் பயணம் நீ இங்கே இருக்கும்போதே ஆரம்பித்த பைத்தியம்தான். தண்டவாளமே இல்லாத நம் ஊர் ரயில் ஸ்டேஷனில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் கொடுத்தவர். சனங்கள் அவரிடம் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பெர்ரி ஏறிப் போய் அக்கரையில் ரயில் பிடிப்பார்கள். இவர் ஜன்னலுக்குள்ளேயே இருப்பார். அந்த ஏக்கமோ என்னவோ, பென்ஷன் எடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசை முழுக்க ஐரோப்பா வரைபடம். குழம்புச் சட்டியை வைக்க இடம் கேட்டால், ஆஸ்திரியாவில் வை என்பார். பதினொரு நாடு, முப்பத்திரண்டு நாள், எல்லாம் ரயிலில். எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார். பாஸல் என்ற ஊரில் வண்டி மாறப் பதினான்கு நிமிடம் இருக்கிறதாம். அதற்குப் பக்கத்தில், யோகத்துக்குத் தேநீர் என்று குறித்திருக்கிறார். இந்த மனுஷர் வீட்டில் ஒரு நாளாவது எனக்குத் தேநீர் ஊற்றித் தந்ததில்லை.

அவருடைய கண்ணைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். கண்ணில் அழுத்தமாம். வலி இல்லாததால் கவனிக்காமல் விட்டுவிட்டார். இப்போது பக்கப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது மட்டும் கதவு இடுக்கால் பார்ப்பதுபோலத் தெரிகிறது. பங்குனியில் பீச் ஸ்ட்ரீட்டில் கடைப் படி தெரியாமல் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டார். படியை ஒழுங்காகக் கட்டவில்லை என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்தார். மே மாதம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி மருந்து நாளைத் தள்ளிப்போடத்தான், வருடம் முடிவதற்குள் மிச்சப் பார்வையும் போகலாம் என்றார். அதை அவரிடமே சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னார். அப்பா அழவில்லை. செப்டம்பரில் பயணம் போகலாமா என்று மட்டும் கேட்டார். துணையோடு போகலாம், தனியாகக் கூடவே கூடாது என்றார் டாக்டர்.

துணை நான்தான். கண் மங்கியதிலிருந்து ரயில் நேர அட்டவணையை நான்தான் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் உரக்க வாசிக்கிறேன். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு வெனிஸ் எப்போது வரும் என்று நானே பக்கத்தைத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இதை நீ யாரிடமும் சொல்லிச் சிரிக்காதே.

ஜூன் முதல் வாரம் பாஸ்போர்ட் எடுக்கப் போனோம். அப்பாவின் வேலை சுலபமாக முடிந்தது. என் அடையாள அட்டையைக் கவுண்டரில் இருந்த நோர்மா என்ற பெண் இரண்டு தரம் புரட்டினாள். மக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இது சிவப்பு அட்டை, நீங்கள் இந்த நாட்டுப் பிரஜை இல்லை, பாஸ்போர்ட் தர முடியாது என்றாள். நல்ல பெண். சொல்ல அவளுக்கே சங்கடமாக இருந்தது. சிவப்பு என்று எனக்கும் தெரியும். மீன் வாங்கப் பாசாருக்கும் கோயிலுக்கும் போகிறவளுக்கு அட்டை என்ன நிறமாக இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். இனி மனுப் போட்டால் மலாய்ப் பரீட்சை, அதன்பிறகு எத்தனை வருடமோ தெரியாது. நான் பிறந்த இலங்கையின் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கேட்டோம். பிறப்புப் பத்திரம் வேண்டுமாம். சண்டையில் ஊர் இருக்கிற நிலைமையில் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் அதைத் தேட யார் இருக்கிறார்கள்? நாற்பது வருடம் இந்தத் தீவில் சமைத்து, பெற்று, வளர்த்தேன். எந்த நாட்டுக்கும் நான் ஆள் இல்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருடம் பரீட்சை இல்லாமலே பதிந்தார்கள். தெருவே திரண்டு போனது. அப்பாவும் வேலைக்கு வேண்டும் என்று பதிந்துகொண்டார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் பிரஜாவுரிமையை மாற்றினால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் சீதனக் காணிக்கு வில்லங்கம் வருமாம். பென்ஷன் எடுத்ததும் அங்கே போய் வீடு கட்டுவதாக இருந்தார். இங்கே உத்தியோகம் பார்த்த நம் ஆட்கள் பாதிப்பேருக்கு அப்போது அதே நினைப்புத்தான். அங்கே இருந்த என் தம்பி குடும்பமும் கனடாவுக்குப் போய்விட்டது. அந்தக் காணிக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து திரும்பிய அன்று அப்பா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார்:

"அம்பத்தெட்டில நீயும் வாறன் எண்டு கேட்டனீ, யோகம். நான்தான் வேண்டாமெண்டன்."

எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஒரு துண்டுக் காணிக்காக ஒருத்தியை இப்படி விட்டு வைப்பார்களா என்று அன்றைக்கு முழுக்க மனதுக்குள் சண்டை பிடித்தேன். மறுநாள் பார்த்தால் வரைபடத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டிருந்தார். மேசை வெறுமையாகக் கிடந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கந்தப்பு அண்ணன் போன வாரம் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். நர்ஸ் வேலை பார்க்கிற மகள் லண்டனில் இருக்கும்போது வேறு துணை எதற்கு, அவளைக் கேள் என்றார். எட்டு வருடமாக உன் பெயரை எடுக்காதவர் அப்பா. முஸ்லிம் பிள்ளையைக் கட்டிவிட்டாய் என்று உன் கல்யாணப் படத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவர். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அருந்ததியிட்ட நான் எந்த முகத்தோட கேக்கிறது" என்றார்.

அவர் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன். அவரை மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. மன்னிக்காமலே கூட்டிக்கொண்டு போ. அந்த மலைகளையும் ரயில்களையும் கண் இருக்கும்போது பார்க்கட்டும். படி இறங்கும்போது கையைப் பிடி, உதறினாலும் விடாதே. பிளாட்பார நம்பரை நீ வாசித்துச் சொல். வெளிச்சம் குறைந்தால் அவருக்கு ஒன்றுமே தெரியாது, அதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

இந்தத் தரம் பதிலை ஆசியா பீவி அக்கா வீட்டுக்குப் போடாதே. நம் வீட்டு விலாசத்துக்கு, அப்பா பெயருக்கே போடு. வருகிற கடிதம் எல்லாவற்றையும் இப்போது நான்தான் அவருக்கு வாசிக்கிறேன். நீ திட்டி எழுதினாலும் ஒரு சொல் குறைக்காமல் வாசிப்பேன்.

இன்னொன்று. லண்டன் வரைக்கும் விமானக்காரர்களே ஆள் போட்டுப் பத்திரமாகக் கொண்டு வந்து விடுவார்களாம். கந்தப்பு அண்ணன் விசாரித்துவிட்டார். அதனால் நீ இவ்வளவு தூரம் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. இருந்தாலும் நீயே வந்து கூட்டிக்கொண்டு போ மகள். பத்து நாள் முன்னால் வா. லீவு கிடைக்காவிட்டால் நாலு நாளாவது. ரோஹானாவை விட்டுவிட்டு வராதே. பிள்ளை உறைப்புச் சாப்பிடுமா என்று எழுது.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
யோகலட்சுமி விநாசித்தம்பி