கந்தகம் தேனாக ஓடிய நாள்

பாய்,

நேற்று உன் மகள் ஊரப்பாக்கத்துக்கு வந்திருந்தாள். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த உன் வெள்ளி மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். "அத்தா கண்ண மூடறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க மாமா. இப்பிடிக் கருகருன்னு இருக்கே, பாலிஷ் போட்டு எடுத்துட்டு வரவா?" என்றாள்.

"போட்டா நான் வாங்க மாட்டேன்மா."

கிழவனுக்கு எதற்கு இந்த வீம்பு என்று நினைத்திருப்பாள். அவள் போனதும் மோதிரத்தை முகர்ந்து பார்த்தேன். வெறும் வெள்ளிக்கு என்ன வாசனை இருக்கும்? எனக்குக் கந்தகம் அடித்தது.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து அமிலத் தொழிற்சாலையில், சரக்கு ரயில் உள்ளே வந்து நிற்கும் சைடிங்குக்கு நான் மேஸ்திரி, நீ பாய்லர் ஆபரேட்டர். அப்போதெல்லாம் கந்தகம் கட்டியும் தூளுமாகத் திறந்த வேகனில் வரும். என் ஆட்கள் மண்வெட்டியால் வாரிக் குவிப்பார்கள். தரையில் மண்வெட்டி உரசி ஒரு பொறி பறந்தால் போதும், வெயிலில் கண்ணுக்கே தெரியாத நீலத் தீ அந்த மஞ்சள் குவியலின் மேல் ஊர்ந்து வரும். பாய்லரிலிருந்து ஆவிக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்து அணைப்பவன் நீ. அப்படி ஓடி வந்த ஒரு நாளில்தான் உன் இடது கண் மங்கியது.

சாயங்காலம் கண்ணைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மின்சார ரயில் ஏறுவோம். கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவர்கள் நம் நாற்றம் தாங்காமல் அடுத்த பெட்டிக்கு ஓடுவார்கள். "பாத்தியா மேஸ்திரி, மினிஸ்டருக்குக்கூட இப்பிடி வழி விட மாட்டானுங்க" என்று நீ ஜன்னலோரம் காலை நீட்டிக்கொள்வாய். சிரிப்பேன். ஆனால் உன் இடது கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும்.

நான் எட்டாவதோடு நின்றவன். தாம்பரம் நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். கந்தகத்தை உருக்கி, சூடு போகாமல் போர்த்திய டேங்க் வேகனில் ரயிலிலேயே கொண்டுவரலாம், வந்த இடத்தில் வேகனுக்குள் ஓடும் குழாய்களில் ஆவி விட்டால் தண்ணீராக இறங்கிவிடும் என்று அதில் இருந்தது. தூள் இல்லை, பொறி இல்லை. ஒவ்வொரு மீட்டிங்கிலும் எழுந்து சொன்னேன். ஒவ்வொரு மீட்டிங்கிலும் சிரித்தார்கள். சரக்கு இறக்கும் காண்டிராக்டர், "பெரிசு கந்தகத்த சாம்பார் மாதிரி எட்துனு வரப் போவுதாம்" என்றான். நீ மட்டும்தான், "சாம்பார்தான்யா. சூடு பண்ணித் தர நான் கீறேன், உனக்கு இன்னா?" என்று எழுந்து நின்றாய்.

மீட்டர் கேஜ் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த அந்த வருடங்கள் முழுக்க நான் விடவில்லை. கடைசியில் மேனேஜர் ஒரே ஒரு ரயிலுக்குச் சம்மதித்தார். ரயில்வே கொடுக்கும் நேரத்துக்குள் காலியாகவில்லையென்றால் பழையபடி குவியல்தான், இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்.

வந்ததே மழைக்காலத்தில். பாசஞ்சர் ரயில்களுக்கு வழி விட்டு விட்டுத் தாம்பரம் யார்டிலேயே கிடந்தது. நம் சைடிங்குக்கு வந்து சேர்ந்தபோது வேகன்களுக்குள் ஓரமெல்லாம் உறைந்து கட்டியாகியிருந்தது. நீ மூடியைத் திறந்தாய். அழுகிய முட்டை மாதிரி ஒரு வாயு கிளம்பியது. வெள்ளிக்கிழமைதோறும் பற்பசை போட்டு நீ தேய்த்து வெளுக்கவைக்கும் மோதிரம் பார்க்கப் பார்க்கக் கறுத்தது.

காண்டிராக்டரின் ஆட்கள் தாரும் ஃபர்னஸ் ஆயிலும் இறக்கிப் பழகியவர்கள். சூடு ஏற ஏற இளகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த தொழில். ஆவியை முழுசாகத் திறந்துவிட்டார்கள். முதலில் கொஞ்சம் ஓடியது. பிறகு நிறம் சிவந்து, கறுத்து, அல்வாப் பதத்தில் குழாய் வாயில் தொங்கியது. இன்னும் ஆவி விட்டார்கள். அது சுத்தமாக நின்றுபோனது.

"முடிஞ்சுது. நாளைக்கு மண்வெட்டிய எடுங்க" என்றார் மேனேஜர்.

அப்போது புதிதாக வந்திருந்த எஞ்சினியர் ஸ்டெல்லா மேடம் முன்னால் வந்தாள். "சார், ஆவியக் கொறைக்கணும். கந்தகம் ஒரு அளவுக்கு மேல சூடானா இளகாது, கெட்டியாகும். கொஞ்சம் ஆறினா தானா ஓடும்."

"இன்னா மேடம், ஆற வெச்சிக் குடிக்கறதுக்கு இது பாயாசமா?" என்றான் காண்டிராக்டர். எல்லோரும் சிரித்தார்கள். என் புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருந்ததோ என்னவோ, எனக்கும் அது தெரியாது. நான் உன்னைப் பார்த்தேன். நீ அவளைப் பார்த்தாய்.

"நெசமாத்தானாம்மா?"

"நெசம்தான் பாய்."

"மேஸ்திரி, என்னால இத நம்பவே முடியல. ஆனா அந்தக் குவியலுக்கு நான் திரும்பிப் போவ மாட்டேன்" என்று சொல்லி, ஆவி வால்வைத் திருகிக் குறைத்துவிட்டு அதன் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். திறக்க வந்தவன் எதிரே நான் கடப்பாரையோடு நின்றேன்.

"இன்னா பெரிசு, ரவுடித்தனம் பண்றியா?"

"ஆமா. வயசான ரவுடி. வா."

வரவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நெருப்பை மூட்டியே பிழைத்த நாம் அன்று சும்மா இருப்பதையே வேலையாகச் செய்தோம். அந்தப் பெண்ணும் நம் பக்கத்திலேயே கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஓரத்தில் உருகாமல் கிடந்த கட்டி, நடுவில் இருந்த அதிகச் சூட்டை வாங்கி வாங்கி இளகியது. குழாய் வாயில் கறுப்பு சிவப்பானது. சிவப்பு வெளுத்தது. ஒரு துளி, இன்னொரு துளி, பிறகு கொம்புத்தேன் மாதிரி பொன்னிறமாக ஒரே வீச்சில் ஓடியது பார், "ஓடுது! மேஸ்திரி, ஓடுதுடா!" என்று நீ போட்ட சத்தம் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசி வேகனும் காலியான பிறகுதான் இழுத்துப்போக எஞ்சின் வந்தது. என் ஆட்கள் மண்வெட்டிகளைக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் குவியலில் வீசினார்கள். அந்த ஓசை இன்னும் என் காதில் இனிக்கிறது.

டேங்க் வேகன்களுக்கென்று கட்டிய புது சைடிங்கின் திறப்பு விழாவில் சால்வை காண்டிராக்டருக்கு. கல்வெட்டில் உன் பெயர் இல்லை, என் பெயர் இல்லை, அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. நான் கோபத்தில் குதித்தேன். "உடு மேஸ்திரி, கல்லுல பேர் இருந்தா காக்காதான் வந்து குந்தும்" என்றாய். நீ விட்டாய். நான் விடவில்லை, இன்றைக்கும் விடவில்லை. ஆனால் அதன் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் நீ மோதிரத்தைத் தேய்க்கவில்லையே, அதை நான் கவனிக்காமல் இல்லை. கேட்டதற்கு, "கல்லு அவனுங்களுக்கு. மெடலு எனக்கு" என்றாய்.

அன்று முதல் கூடுவாஞ்சேரியில் யாரும் நம்மைப் பார்த்து ஓடவில்லை. நம் ஜன்னல் சீட்டு போனது. நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலு பேரைப் போல நின்றுகொண்டே வந்தோம். நின்றபடியே, கந்தகம் இல்லாமல் ஆகாத ஒவ்வொன்றையும் நீ வெளியே கைகாட்டுவாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடும் லாரியின் டயர், பஸ்ஸின் பேட்டரி, டீக்கடையின் வெள்ளைச் சர்க்கரை, வயலுக்குப் போகும் உர மூட்டை. "இதுலயும் நம்ம ஆளு கீறான், அதுலயும் நம்ம ஆளு கீறான்."

இன்று காலை ஊரப்பாக்கம் ரயில்வே கேட்டில் நின்றேன். மோதிரம் சுண்டு விரலுக்குத்தான் ஏறியது. பக்கவாட்டில் மஞ்சள் வழிந்த டேங்க் வேகன்கள் வரிசையாகப் போயின. லேசாக முட்டை நாற்றம் வந்தது. பைக்கில் இருந்த பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா தாத்தா, நாத்தம் தெர்லியா உனக்கு?" என்றான்.

கறுத்த மோதிரம் தெரியக் கையைத் தூக்கி, கடைசி வேகன் போகும்வரை ஆட்டினேன் பாய்.

"நம்ம ஆளு போறான்பா" என்றேன்.