ரமீஜா வாசித்த பக்கம்

புதுச்சேரி,
15-12-1958

அன்புள்ள அப்பாவுக்கு, அஞ்சலாட்சி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

ஆண்டு முடிகிறதென்று, இந்த ஆண்டில் கற்றதை ஒரு பக்கம் எழுதி எல்லோர் முன்னும் வாசிக்கச் சொன்னார் விடுதி வார்டன். வீட்டை நினைத்து அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று நான் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து, பக்கத்துப் பாயில் படுக்கும் ரமீஜா எழுந்தாள். "அஞ்சலாட்சி தூக்கத்தில் 'அம்மா' என்று கூப்பிடும்போது, 'இங்கதான் இருக்கேன், தூங்கு' என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன்" என்று வாசித்தாள்.

அவள் வந்து உட்கார்ந்ததும், "நெசமாவா? எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"நீ சேந்த நாள்லேர்ந்துடி. தெனமுந்தான். என்னமோ அழவே மாட்டேன்னு எழுதியிருக்க" என்று சிரித்தாள்.

எனக்கே தெரியாமல் இத்தனை நாள் கூப்பிட்டிருக்கிறேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ரமீஜா வியாழக்கிழமை காரைக்காலுக்குப் போகிறாள். விடுமுறையில் இங்கேயே இருந்து படிப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். ஆனால் தாவணி இரண்டும் கிழிந்துவிட்டன, தைக்க வேண்டும். புதன்கிழமையே வந்து என்னை அழைத்துப் போங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
அஞ்சலாட்சி