ரோஜா அணியின் கொடி

சமாரிண்டா,
10 ஜனவரி 1992

அன்புள்ள லஸ்தாரிக்கு,

ஸலாம். இங்கே மழையும் நானும் சேர்ந்தே குடியிருக்கிறோம், இருவருக்கும் குறையொன்றும் இல்லை. பலகை ஆலையில் என்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாடுதான் சகிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் எதில் பார்த்தாலும் மீனைப் போட்டுவிடுகிறார்கள். நம் வொனோசோபோ நூடுல்ஸ், நீ ஊற்றுகிற கெட்டிச் சாறோடு ஒரு கிண்ணம் கிடைக்குமென்றால் இந்த ஆற்றை நீந்தியே வந்துவிடுவேன்.

மாகாண முகாமுக்குப் போகும் மாவட்டச் சாரணியர் குழுவுக்கு ஹெஸ்தியைத் தலைவியாக்கப் பேச்சு அடிபடுவதாக எழுதியிருந்தாய். அன்றைக்கு ஷிப்டில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். "என்னண்ணே, சம்பளம் ஏறிடுச்சா?" என்று கேட்டார்கள். "அதவிடப் பெரிசுடா" என்றேன். பதினான்கு வயதில் என் மகளுக்குக் கிடைப்பது எனக்கு இருபதிலும் கிடைக்கவில்லை.

ஆனால் உன்மேல் ஒரு கோபம். 26-ஆம் தேதி மலைநடையில் அவளுடைய மல்லிகை அணியைக் கடைசியாக வரச் சொல்லியிருக்கிறாயாம், அவளே எழுதியிருக்கிறாள். முன்னால் போகிறவர்கள் கல் அம்பையும் புல் முடிச்சையும் பார்த்து வழி கண்டுபிடித்துப் போவார்களாம், நம் பெண் பின்னாலேயே அதையெல்லாம் கலைத்துக்கொண்டு வருவாளாம். பெருக்குகிற வேலை! சொந்த மகளுக்குச் சலுகை காட்டினாய் என்று ஊர் பேசும், அதுதானே உன் பயம்?

போகட்டும். கடைசியில் வருபவளுக்கும் ஒரு லாபம் உண்டென்று அவளுக்கு எழுதிவிட்டேன். எவளாவது அணிக்கொடியை நட்டுவிட்டு அசந்தால் கிளப்பிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். அப்புறம் கூடார வாசலில் வந்து பாடிக் கெஞ்சினால்தான் கொடி திரும்பும். நீயே என் கூடாரத்து வாசலில் நின்று பாடியவள்தானே, மறந்துபோயிற்றா?

உன்,
குந்தோரோ

*

வொனோசோபோ,
29 ஜனவரி 1992

ஹெஸ்தியின் அப்பாவுக்கு,

ஹெஸ்தி நலம். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி உட்கார்ந்து படியுங்கள்.

மலைநடையில் ரோஜா அணி காணாமல் போய்விட்டது. ஏழு பெண்கள். ஒரு முழு இரவு அவர்களைக் காணவில்லை. விடிந்த பிறகுதான் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ஆறு பேருக்குக் குளிர்சுரத்தோடு போயிற்று. அணித் தலைவி முர்னிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. உங்களுக்கு அவளைத் தெரியும். பஸ் நிலையத்தில் சோயாத் தெம்பே பொரித்து விற்கிறாளே சுமியாத்தி, அவளுடைய மகள். நடப்பாள், ஆனால் பழையபடி நடப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

நடந்தது இதுதான். பிற்பகல் அஸர் தொழுகைக்காக ரோஜா அணி வழியை விட்டு இறங்கி ஊற்றுப் பக்கம் போயிருக்கிறது. விலகிப் போகிற அணி தன் கொடியை வழியோரம் நட்டுவிட்டுப் போக வேண்டும். கொடியைக் கண்டால் கடைசி அணி அங்கேயே நிற்க வேண்டும், ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது. "கொடி பறிக்கிற விளையாட்டெல்லாம் முகாமோட நிக்கட்டும், மலையில வேண்டாம்" என்று கிளம்பும்போது நானே படித்துப் படித்துச் சொன்னேன். முர்னி கொடியை நட்டுவிட்டுத்தான் போனாளாம். திரும்பி வந்து பார்த்தால் கொடியும் இல்லை, வழியில் ஒரு அடையாளமும் இல்லை. அதற்குள் பனி இறங்கிவிட்டது.

அந்தப் பெண் செய்ததைக் கேளுங்கள். எல்லோரையும் ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, யாரும் நகரக்கூடாது என்று சொல்லி, விசில் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள். வழி பிரிகிற இடத்தில் ஒரு கல்லாவது மிச்சம் இருக்காதா என்று பார்க்கத் தான் மட்டும் போனவள் வரப்பிலிருந்து பள்ளத்தில் விழுந்துவிட்டாள். விழுந்த பிறகும் மற்றவர்களை அழவிடவில்லையாம். கழியை வைத்துக் கழுத்துத் துணிகளால் காலைக் கட்டச் சொல்லி, இரண்டு கழியில் சட்டைகளைக் கோத்துத் தூக்குப்படுக்கை செய்யச் சொல்லியிருக்கிறாள். "யாரும்மா இந்தக் கட்டைப் போட்டது? கால் தப்பிச்சதே இதனாலதான்" என்றார் டாக்டர்.

ஹெஸ்தியைக் கேட்டேன். "நாங்க எந்தக் கொடியையும் பாக்கலம்மா. எல்லாரும் முன்னாடி போயிட்டாங்கன்னு நெனச்சுதான் கலைச்சோம்" என்றாள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். நம்பிவிட்டார்கள்.

நேற்று மல்லிகை அணியின் சமையல் பெட்டியைக் கழுவ எடுத்தேன். அடியில் கரி பிடித்த பானைக்குக் கீழே, நான்காக மடித்து, ரோஜா அணியின் கொடி இருந்தது.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

லஸ்தாரி

*

சமாரிண்டா,
9 பிப்ரவரி 1992

லஸ்தாரி,

கொடியை அடுப்பில் போடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு போடு.

பிள்ளைகள் விளையாடின விளையாட்டு இது. பறித்தவள் நம் பெண்ணாக இருக்கட்டும், அணியில் வேறு எவளாகவும் இருக்கட்டும், பனி இறங்கும் என்று அவர்களுக்கு ஜோசியமா தெரியும்? முர்னியின் கால் முறிந்ததற்கு நானும் வருத்தப்படுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்னால் ஆனதை அனுப்பிவைக்கிறேன், சுமியாத்தியிடம் கொடு. ஆனால் அதற்காக என் மகளை ஊர் முன்னால் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீ சாரணியர் படைத்தலைவியாக இருக்கிறாய், சரி. அதற்கு முன்னால் நீ அவளுக்கு அம்மா. அந்தச் சீருடைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு நிமிஷம் யோசி. மாகாண முகாம் போகும், பெயர் போகும். நாளைக்கு அவளைக் கட்டிக்கொடுக்கப் போகிற இடத்தில்கூட இந்தப் பேச்சு வரும். சின்ன ஊர், யாரும் எதையும் மறக்க மாட்டார்கள்.

உடனே பதில் எழுது.

குந்தோரோ

*

வொனோசோபோ,
19 பிப்ரவரி 1992

ஹெஸ்தியின் அப்பாவுக்கு,

கொடியை எரிக்கவில்லை. எரிக்கவும் போவதில்லை. துவைத்து, தேய்த்து, அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்ததை ஏன் எனக்கு எழுதவில்லை? நேற்றுத்தான் எழுத்தர் அம்மா சொன்னார்: "உங்க வீட்டுக்காரரு போன் பண்ணாரே டீச்சர், பொண்ணுகூட ரொம்ப நேரம் பேசினாரே. பேசிட்டு அழுதுக்கிட்டே போச்சே." வீட்டுக்கு வந்து ஹெஸ்தியைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். கண்ணைப் பார்க்கவில்லை. என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமாக உங்களோடு குடித்தனம் செய்கிறேன்.

அவள் சரியாகச் சாப்பிட்டு நாளாயிற்று. முர்னி வீடு இருக்கிற சந்து வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு சந்தை வழியாகப் பள்ளிக்கூடம் போகிறாள். ராத்திரி தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். இதைத்தான் காப்பாற்றச் சொல்கிறீர்களா?

சனிக்கிழமை கௌரவ மன்றம் கூடுகிறது. உங்களுக்குத் தெரியாத சட்டமில்லை. அணித் தலைவிகள்தான் விசாரிப்பார்கள், அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பெரியவர்கள் வாய் திறக்கலாம், கை தூக்கக்கூடாது. முர்னியும் வருகிறாள். கட்டுப்போட்ட காலோடு தூக்கிக்கொண்டாவது வருவோம் என்று அவள் அணிப் பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

அதுவரை ஹெஸ்திக்கு நேரம் கொடுத்திருக்கிறேன். கொடி என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். அவளாகச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் கொடியை மேசைமேல் நானே வைப்பேன். அம்மாவா படைத்தலைவியா என்று கேட்டீர்கள். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் யோசித்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. படையை எண்ணிப் பார்க்காமல் மேலே நடந்தவள் நான், என்னையும் மாவட்டத்தார் கேட்கட்டும், பதில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பணத்தைச் சுமியாத்தியிடம் நீட்டினேன். "எதுக்கு டீச்சர் இது?" என்றாள். திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கூசி நின்றதில்லை.

லஸ்தாரி

*

தந்தி
சமாரிண்டா, 20 பிப்ரவரி 1992

உன் பதில் வரவில்லை. கொடி என்ன ஆயிற்று. மன்றம் கூடுவதாக மகள் போனில் சொன்னாள். அவளை அங்கே நிறுத்தினால் நோன்புப் பெருநாளுக்கு வரமாட்டேன். குந்தோரோ.

*

வொனோசோபோ,
25 பிப்ரவரி 1992

ஹெஸ்தியின் அப்பாவுக்கு,

தந்தி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. ஹெஸ்திதான் வாங்கினாள். படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மன்றம் கூடியது. பள்ளிக்கூட நூலக அறை. மூன்று அணித் தலைவிகள் மேசைக்கு அந்தப் பக்கம், நடுவில் முர்னி, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு. நான் சுவரோரம். கொடி என் பையில் இருந்தது. பை மடியில் கனத்தது.

மூத்தவள் ஆர்க்கிட் அணித் தலைவி. "ஹெஸ்தி, உனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று தொடங்கினாள். அவ்வளவுதான். நம் பெண் நின்றபடியே சொல்லிவிட்டாள். "கொடிய நான்தான் புடுங்கினேன். என் அணியில யாரையும் கேக்காதீங்க, நான் சொன்னதத்தான் அவங்க செஞ்சாங்க. வெரட்டிக்கிட்டு வருவாங்கன்னு நெனச்சேன். வழிய கலைச்சதும் நான் சொல்லித்தான்." தலையைக் குனியவில்லை. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது மாதிரி இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. முடிந்தது, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்போது முர்னி கேட்டாள். "நாங்க விசில் ஊதினோமே, அது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

ஹெஸ்தி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடு என்று அந்த ஒரு கணம் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆமாம், நான்தான். உங்களை இத்தனை பேச்சுப் பேசிய நான்தான்.

"கேட்டுச்சு. கொடிய கேட்டுக் கெஞ்சுறீங்கன்னு நெனச்சோம். சிரிச்சுக்கிட்டே நடந்தோம்."

முர்னி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாக்கெடுப்பு. ஹெஸ்தியைத் தலைவி பொறுப்பிலிருந்து நீக்குவது, மாகாண முகாமுக்கு அவள் பெயரை அனுப்பாமல் விடுவது. முதலில் உயர்ந்தது முர்னியின் கை. மற்றவை பின்னால் உயர்ந்தன. என் மகள் தோளிலிருந்த தலைவிப் பட்டையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தாள். அவள் பின்னலில் சிக்கிக்கொண்டது, எடுக்க நேரமாயிற்று. யாரும் உதவவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீங்கள் போனில் சொன்னதை அன்று ராத்திரி என்னிடம் சொன்னாள். "பாக்கலன்னு மட்டும் சொல்லு, மீதிய அப்பா பாத்துக்கறேன்னாரு. அப்பா எப்பிடிம்மா பாத்துக்குவாரு, அவரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முர்னி வீட்டுக்குப் போகிறாள். முதல் நாள் சுமியாத்தி கதவைத் திறந்து ஏதோ கேட்டிருக்கிறாள், இவள் ஏதோ சொல்லியிருக்கிறாள், கதவு சாத்திவிட்டது. மறுநாளும் போய் வாசலில் நின்றாள். இன்று உள்ளே விட்டார்கள். வெங்காயத் தாளும் மஞ்சளும் மணக்க வீட்டுக்கு வந்தாள். தெம்பேக்கு மாவு கரைத்துக் கொடுத்தாளாம். முர்னி இன்னும் அவளோடு பேசவில்லை.

பெருநாளுக்கு வரமாட்டேன் என்றீர்கள். நான் இப்போது ஒன்று சொல்கிறேன். வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வருவதானால் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே நம் வீட்டுக்கு வராதீர்கள். பெருநாளன்று எல்லோரும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம்தான். யாரும் யாருக்கும் ஒன்றும் செய்திராதபோது அது சுலபம். நீங்கள் முதலில் சுமியாத்தி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அதற்கு மனமில்லையென்றால் நீங்கள் வரவில்லை என்று நானே ஹெஸ்தியிடம் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் தலையணையை உறை மாற்றி வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது.

லஸ்தாரி

*

சமாரிண்டா,
8 மார்ச் 1992

லஸ்தாரிக்கு,

உன் கடிதம் நோன்பு பிறந்த பிறகு வந்தது. படித்ததும் கோபம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். கிழித்துப் போடலாம் என்றுகூட இருந்தது. பெற்ற அப்பனுக்கு நிபந்தனை போடுகிறாளா என்று ஆலையில் அன்றைக்கு எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். என் ஷிப்டுப் பையன் ஒருவன், "நோன்பு வச்சா அண்ணனுக்குப் பேய் புடிச்சிடுது" என்று முணுமுணுத்தான்.

சிரித்துக்கொண்டே நடந்தோம் என்று அவள் சொன்னதை எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு என்னுடையது. எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவளுக்குக் கடிதத்தில் வைத்து நான்தான் அனுப்பினேன்.

கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். பெருநாளுக்கு முந்தின நாள் வந்து சேருவேன். நீ சொன்ன இடத்துக்கு முதலில் போகிறேன்.

போய் நின்றால் அந்த அம்மாள் கதவைத் திறப்பாள். திறந்ததும் என்ன சொல்வது? இரண்டு நாளாக யோசிக்கிறேன். எதைச் சொல்லிப் பார்த்தாலும் என் காதுக்கே சாக்காக இருக்கிறது. ஹெஸ்தி முதல் நாள் போனபோது என்ன சொன்னாள்? அவளிடம் கேட்டு எழுது. அப்பா கேட்டார் என்றே சொல்.

குந்தோரோ