இனிஷியலுக்கு ஒரு கட்டம்

அஸ்தினாபுரம்
நவம்பர் 2007

அன்பு மகள் மாஹிராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் அக்தரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன், ஆனால் சுகம் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆரம்பித்த மொழிபெயர்ப்பு இணையதளம் நம் தெரு ஹேமாவதியை மோசடிக்காரி ஆக்கிவிட்டது. வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை செய்யலாம், என் மகள் நடத்துகிறாள் என்று நான்தானே அவளைச் சேர்த்தேன். உங்கள் படிவம் குடும்பப் பெயர் கேட்டது. நம் ஊரில் ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே. சர்டிபிகேட்டில் உள்ளபடி அப்பா பெயர் துளசிங்கத்தைப் போட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு திறந்த பாங்க் கணக்கில் புருஷன் தயாளன் பெயர். இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆள்மாறாட்டம் என்று ஈமெயில் அனுப்பி அவளை நீக்கிவிட்டீர்கள். மொழிபெயர்த்து முடித்த முதல் வேலையும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பிரவுசிங் சென்டரில் நாலு பேர் நடுவில் அந்த ஈமெயிலைப் படித்திருக்கிறாள். தயாளன் என்னை ரோட்டில் நிறுத்தி, இன்னா பாய், எங்க வூட்டுக்காரிய உங்க பொண்ணு பிராடுன்னு எழுதிக்கீது, அத்த வேற எல்லாரும் படிச்சிகினு கீறாங்க என்றான்.

கம்ப்யூட்டர் தானாகச் செய்தது என்று நீ போனில் சொன்னாய். அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்த ஊர் ஆபீசில் உன்னை மிஸ் மைதீன் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று சிரித்தவள்தானே நீ. பள்ளிக்கூடம் போகாமல் பேப்பர் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவன், இவருக்கு என்ன தெரியும் என்று ஒதுக்காதே. உன் அம்மா மௌத்தாகி நான் தனியாளான பிறகு சாயந்திரம் இந்த வீட்டுக்கு வந்தவள் ஹேமாவதி ஒருத்திதான். நான் சொல்லச் சொல்ல உனக்கு ஈமெயில் அடிப்பாள், பாய், இதுக்கு மேல திட்டினா உங்க பொண்ணு அழுதுடும், ஒரு வரி கம்மி பண்ணிக்கலாமா என்பாள். இப்போது அவள் வருவதில்லை, வரியைக் குறைக்க ஆளில்லை, கையால் எழுதுகிறேன். கேட் சத்தம் கேட்டு எழுந்து போனால் தண்ணீர் லாரிக்காரன் பக்கத்து வீட்டை விசாரிக்கிறான். உன் தம்பி யாசீன் மேடவாக்கத்துக்கு வந்துவிடச் சொல்கிறான், நான் போகமாட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அல்லாஹ் உங்கள் தொழிலில் பரக்கத் தரட்டும். அக்தர் அந்தப் படிவத்தில் இனிஷியலுக்கு ஒரு கட்டம் போட வேண்டும். யாசீன் அவள் சர்டிபிகேட்டையும் பாங்க் புத்தகத்தையும் வாங்கி உனக்கு அனுப்ப வேண்டும். நீ அவளுக்குப் போன் செய்து, தமிழில், உன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும், பிறகு தயாளனிடமும். அவளை மறுபடி இந்த வீட்டுக்குக் கூப்பிடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அதற்கு நான்தான் போய் அவள் வாசலில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா
ஹாஜா மைதீன்