பத்தாவது ஆள்

அன்புள்ள அக்கா,

தூங்காமல் இந்த ராத்திரி நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் சின்னவளுக்குத் தடுப்பூசி. காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் நாலு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். அவள் தடுப்பூசி அட்டையை எடுத்துவைக்கப் போனால் பெரியவனுடைய பழைய அட்டை கையில் வருகிறது. ஓரத்தில் உங்கள் சாய்ந்த எழுத்து: 'பயமா இருந்தா போன் பண்ணு.' அந்த நம்பர் இப்போது போகவில்லை. அதுதான் உங்களைத் தெரிந்த இந்த ஊர்ப் புது நர்ஸிடம், நீங்கள் இப்போது இருக்கும் மகள் வீட்டு முகவரி வாங்கினேன்.

சோழபுரம் பள்ளிக்கூட வராந்தா ஞாபகம் இருக்கிறதா? அப்போது எங்கள் ஊர் நர்ஸ் நீங்கள்தான்; கொரோனா ஊசி போட வந்திருந்தீர்கள். குப்பியைத் திறந்தால் பத்துப் பேருக்குப் போட்டு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் வீண். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மாத வயிற்றோடு நான் தூணோரம் நின்றேன். எல்லார் கண்ணும் என் மேல். "காலேஜ் படிச்ச பிள்ளையே பயந்தா நாங்க எங்க போக?" என்றார் ஒரு பெரியவர்.

நீங்கள் அவரைத் திரும்பிப் பார்த்தீர்கள். "ஆள் கணக்குக்கு இவளப் பிடிக்க மாட்டேன், அய்யா. அவ கேக்க வேண்டியதெல்லாம் கேக்கட்டும்."

மூன்று ஊர் வேலை உங்கள் தலையில் கிடந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான் கேட்ட ஒன்றுக்கு உங்களுக்கே பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லிவிட்டு, அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டீர்கள்.

அப்போதுதான் என் மாமியார் வந்து நின்றார். காலையில் நீங்கள் ஊசிக்குக் கூப்பிட வந்தபோது, வத்திராயிருப்புக்குப் போய்விட்டதாகச் சொல்லச் சொல்லி, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டவர். "எம் மருமகள ஏன் எல்லாரும் முறைக்கிய? எனக்குப் போடு."

"வத்திராயிருப்பு பஸ் அதுக்குள்ள திரும்பிருச்சா, மதினி?" என்றீர்கள். முகக்கவசத்துக்குள் அடக்கிய சிரிப்பில் வராந்தாவே குலுங்கியது. அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமல் நானே வந்து கையை நீட்டினேன்.

இப்போது நாங்கள் குடிவந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எதிர்வீட்டுப் பெண், பிள்ளைக்கு ஊசி போடும் புதன்கிழமைகளில் இரண்டை விட்டுவிட்டாள். முதல் பிள்ளை. என்னை மாதிரியே பயந்தவள். என்னைப் பேசச் சொன்னார் புது நர்ஸ். இன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். நான் பேசியதைவிட அவள் கேட்டதுதான் அதிகம். தெரியாத இரண்டைத் தெரியாது என்றேன். அவள் முன்னாலேயே நர்ஸுக்குப் போன் போட்டேன். கடைசியில், "அடுத்த புதன்கிழமை நீங்களும் கூட வாரீங்களாக்கா?" என்றாள்.

வாரேன் என்றேன், அக்கா. உங்கள் குரலே என் வாயில் வந்த மாதிரி இருந்தது.

உங்கள் புது நம்பரை எழுதிச் சீக்கிரம் பதில் போடுங்கள்.